விருந்தாளி மீன், விரோதி மீன்: தூண்டில் சங்கங்களின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

‘தூண்டில்காரனுக்குத் தக்கையிலே கண்’ என்கிறது பழமொழி. அது பசியின் கண். நாஞ்சில் நாட்டில் குளத்தங்கரையில், மறுகால் ஓரத்தில், மண்புழுவைக் கோத்துப் போட்டுவிட்டுக் குந்தியிருக்கிறவனுக்கு அன்றைய குழம்பு அந்தத் தக்கையோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. அவனுக்கு இதில் சந்தோஷமே கிடையாது என்று சொல்லவரவில்லை. வேலையில்லாத நாளில் அரைப்பகல் தண்ணியைப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு லயிப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த லயிப்பை யாரும் ‘விளையாட்டு’ என்று அழைத்ததில்லை. அவனுக்குச் சங்கம் இல்லை, கோப்பை இல்லை, பிடித்த மீனின் எடையைக் குறித்துவைக்கும் நோட்டுப் புத்தகமும் இல்லை. இதே தூண்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேறு கைகளுக்குப் போனபோது சங்கம், சட்டம், பருவம், உரிமச்சீட்டு, காவல்காரன் எல்லாம் வந்து சேர்ந்தன. கூடவே மீன்களும் இரண்டாகப் பிரிந்தன: காப்பாற்ற வேண்டிய மீன், ஒழிக்க வேண்டிய மீன் என்று.

இந்தப் பிரிவினையின் தாய்வீடு இங்கிலாந்து. அங்கே பைக் என்றொரு நன்னீர் மீன் உண்டு. நீண்டு தட்டையான மூஞ்சி, வாய் நிறையப் பல், பாசிக்குள் அசையாமல் கிடந்து ஒரே பாய்ச்சலில் கவ்வுகிற சுபாவம். ஐசக் வால்டன் தூண்டிலைப் பற்றிய தன் புகழ்பெற்ற நூலை வெளியிட்ட 1653லேயே அதற்கு நன்னீரின் கொடுங்கோலன் என்ற பட்டம் கிடைத்துவிட்டது. ட்ரவுட் ஓடும் ஆற்றைக் குத்தகைக்கு வைத்திருக்கிற சங்கத்துக்குப் பைக் ஒரு பீடை. கண்ட இடத்தில் தீர்த்துக்கட்ட வேண்டியது. வேறு சில சங்கங்களுக்கோ அதே பைக்தான் கோப்பை மீன். குளிர்காலம் முழுக்க அதைத் தேடிப் போகிறார்கள். பைக்கின் பல்லும் பசியும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அது எதிரியா பரிசா என்பதை மீன் தீர்மானிப்பதில்லை, தண்ணீரின் பாத்தியதை யாரிடம் இருக்கிறதோ அவர்கள் தீர்மானிக்கிறார்கள்.

மனிதர்களையும் இதே கோடு பிரித்தது. இ. பி. தாம்சன் 1975இல் எழுதிய ‘விக்ஸ் அண்ட் ஹன்ட்டர்ஸ்’ என்ற நூல் 1723ஆம் ஆண்டின் கறுப்புச் சட்டத்தைப் பற்றியது. முகத்தில் கரி பூசிக்கொண்டு பிரபுக்களின் காட்டில் மான் பிடித்தவர்களுக்கு எதிராக வந்த சட்டம் அது. மீன் குளத்தின் கரையை உடைப்பதும் அதில் தூக்குத்தண்டனைக் குற்றம். ஒரு குளத்துக் கரைக்கு ஓர் உயிர். இந்த மனோபாவம்தான் கப்பலேறிச் சென்னை ராஜதானிக்கும் வந்தது.

இங்கே அதற்கு இரண்டு முகங்கள். ஒருவர் தென் கன்னடத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ். 1873இல் மங்களூரில் அச்சான அவருடைய ‘தி ராட் இன் இந்தியா’ துரைமார்களின் தூண்டில் வேதமாக இருந்தது. இன்னொருவர் ராணுவ மருத்துவராக வந்து மீனியல் அறிஞராக மாறிய ஃபிரான்சிஸ் டே. இந்திய மீன்களைப் பற்றி அவர் 1875 முதல் 1878 வரை வெளியிட்ட பெருநூலை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். இருவரும் அரசாங்கத்திடம் ஒரே புகாரை வைத்தார்கள்: சுதேசிகள் சின்னக்கண்ணி வலையாலும், வயல் மடையில் வைக்கும் கூடுகளாலும், விஷக் காய்களாலும் குஞ்சையும் தாயையும் சேர்த்து அழிக்கிறார்கள். இதில் உண்மையே இல்லை என்று சொல்லமுடியாது. ஆனால் புகாரின் கட்டமைப்பைக் கவனிக்க வேண்டும். மடையில் கூடு வைக்கிறவன் ‘அழிப்பவன்’. மஹ்சீரைக் கொக்கியில் மாட்டி மணிக்கணக்காக இழுத்து விளையாடுகிறவன் ‘காப்பவன்’. 1897இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடியும் விஷமும் குற்றமாயின. வெடி நமக்கு வெள்ளைக்காரன் கொண்டுவந்த சாமான். விஷமோ தென்னிந்திய மலைக்குடிகளின் பழைய அறிவு. காக்கைக்கொல்லி விதையை இடித்துத் தேங்கிய மடுவில் கலக்கி, மயங்கி மிதக்கும் மீனை அள்ளுவது கோடைக்காலத்துக் கூட்டுவேலை. சட்டத்தின் பார்வையில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

இதற்கும் முந்தியது 1879ஆம் வருஷத்து நீலகிரிச் சட்டம். எனக்கு அதுதான் இந்த வரலாற்றின் மையப் பிரதி என்று தோன்றுகிறது. வேட்டை விலங்குகளையும் ‘பழக்கப்படுத்தப்பட்ட மீன்களையும்’ காப்பதற்கான சட்டம் என்று அதன் முகப்பே சொல்கிறது. அதாவது வெளியிலிருந்து கொண்டுவந்து, இந்த நீருக்குப் பழக்கிய மீன்கள். ஓடையில் பிறந்து வளர்ந்த மீனுக்குச் சட்டத்தின் தலைப்பில் இடமில்லை. வந்த விருந்தாளிக்கு இடம் உண்டு. வேடிக்கை என்னவென்றால், துரைமார் ஏங்கிய ட்ரவுட் அப்போது நீலகிரியில் நிலைபெறவே இல்லை. 1860களில் டே கொண்டுவரப் பார்த்தார், கைகூடவில்லை. 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகுதான், எச். சி. வில்சனின் உழைப்பால், வானவில் ட்ரவுட் அந்தக் குளிர்ந்த ஓடைகளில் காலூன்றியது. பூச்சி, புழு, சிறுமீன் எதையும் விடாத கொன்றுண்ணி அது. அங்கே பைக்கைச் சபித்தவர்கள், இங்கே பைக்கின் வேலையைச் செய்யக்கூடிய மீனுக்குச் சட்டம் போட்டுக் காத்திருந்தார்கள்.

இந்தச் சட்டத்துக்கு அழுத்தம் கொடுத்த நீலகிரி வேட்டைச் சங்கம் பிறந்த வருஷம் 1877. தாது வருஷப் பஞ்சம் ராஜதானியைத் தின்றுகொண்டிருந்த நேரம். சமவெளியில் லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்து விழ, மலைமேல் உணவுக்காக அல்லாமல் விளையாட்டுக்காகப் பிடிக்கும் உரிமைக்குச் சங்கம் கூடியது. அதே 1877 ஜூலையில், அன்று நாஞ்சில் நாடும் அடங்கியிருந்த திருவிதாங்கூரில், பூஞ்ஞாறு அரச குடும்பம் கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோவுக்கு எழுதிக்கொடுத்தது. தேயிலை வந்தது, தமிழ்க் கூலிகள் வந்தார்கள், அப்புறம் மூணாறு ஓடைகளுக்கும் ட்ரவுட் வந்தது, தூண்டில் சங்கமும் வந்தது. திருவிதாங்கூரின் ஒரு கோடியில் பேச்சிப்பாறை அணை 1906இல் நெல்லுக்காகத் தண்ணீரைத் தேக்கியது என்றால், இன்னொரு கோடியில் தோட்டத் துரைகளின் ஓய்வுநாளுக்காக ஓடைகளில் குஞ்சு விட்டார்கள். ஒரே ராஜ்யம், இரண்டு நீர்க்கொள்கை.

அமெரிக்கக் கதை ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். கலிபோர்னியாவில் டேவிஸ் ஏரி பேர்பெற்ற ட்ரவுட் ஏரி. அதில் பைக் புகுந்துவிட்டது. யாரோ ஒரு தூண்டில்காரர் கள்ளத்தனமாகக் கொண்டுவந்து விட்டார் என்றே கருதப்படுகிறது. 1997இல் மாநில அரசு ஏரி முழுவதிலும் ரோட்டெனோன் என்ற விஷத்தைக் கொட்டியது. போர்ட்டோலா என்ற ஊருக்குக் குடிதண்ணீரே அந்த ஏரிதான். ஜனங்கள் எதிர்த்தார்கள், போராடினார்கள், நடக்கவில்லை. இரண்டு வருஷத்தில் பைக் மறுபடி தலைகாட்டியது. 2007இல் மறுபடி விஷம். ரோட்டெனோன் என்பது வேறொன்றுமில்லை, தென்னமெரிக்காவிலும் தென்கிழக்காசியாவிலும் வனக்குடிகள் மீன் மயக்குவதற்கு இடித்துக் கலக்கிய வேர்களின் சாரம். 1897இல் இங்கே குற்றமாக்கப்பட்ட முறை, சரியாக நூறு வருஷம் கழித்து அங்கே அரசாங்கத்தின் மேலாண்மைத் திட்டம். வேரை மடுவில் கலக்கினால் காட்டுமிராண்டித்தனம், பீப்பாய் பீப்பாயாக ஏரியில் கலக்கினால் விஞ்ஞானம்.

இன்னொன்று நமக்கு இன்னும் நெருக்கமானது. 2002இல் மேரிலாந்தில் க்ராஃப்டன் என்ற ஊர்க் குளத்தில் ‘பாம்புத்தலை’ மீன் கண்டுபிடிக்கப்பட்டது. நோயாளித் தங்கைக்குச் சூப்பு வைக்க ஒருவர் உயிரோடு வாங்கிய மீன்கள். அவள் தேறிவிட்டாள், மீன்கள் குளத்துக்குப் போயின. அந்தக் குளத்துக்கும் விஷம்தான் பதில். அதே ஆண்டு அந்த மீன் குடும்பம் முழுவதையும் தீங்கு உயிரியாக அறிவித்து அமெரிக்கா இறக்குமதியைத் தடைசெய்தது. இந்தப் பாம்புத்தலை யார் என்றால், நம் விராலுக்குப் பங்காளி. நோய் தேறுகிறவர்களுக்கு நாமும் விரால்தான் கொடுக்கிறோம். செக்கச்செவேலென்று பந்துபோல் மிதக்கும் குஞ்சுகளுக்குக் கீழே தாயும் தகப்பனும் காவல் கிடக்கிற மீன். நம் குளங்களில் அதுவும் கொன்றுண்ணிதான். ஆனால் மற்ற மீன்களோடு ஆயிரமாண்டுக் கணக்கு இருப்பதால் இங்கே அது பைக் ஆகவில்லை.

இனி காவிரி. இதுதான் சிக்கலான இடம். துரைமாரைத் திட்டிவிட்டு நகர முடியாத இடம். 1946இல் கபினியில் வான் இங்கன் பிடித்த 120 பவுண்டு மஹ்சீர் தூண்டில் உலகத்தின் புராணம். காவிரிப் படுகைக்கே உரிய திமில் மஹ்சீர் இனத்தைச் சேர்ந்தது அது. 1970களில் பெங்களூரில் உருவான தென்னிந்திய வனவுயிர்ச் சங்கமும், பிறகு பீமேஸ்வரி, கலிபோரே முகாம்களும் ஆற்றின் சில பகுதிகளைக் காவல் காத்தன. வெடி போட்டுக்கொண்டிருந்த உள்ளூர் ஆட்களே காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் சம்பளத்துக்கு வந்தார்கள். பிடித்த மீனை எடை போட்டு, எழுதிக்கொண்டு, திரும்ப ஆற்றில் விட்டார்கள். ஆற்றைக் காத்தார்கள் என்பது நிஜம். ஆனால் அதே காலத்தில் லோணாவளாவில் டாடா மின் நிறுவனத்தின் பொரிப்பகத்தில் உற்பத்தியான நீலத்துடுப்பு மஹ்சீர் குஞ்சுகள், மஹ்சீர் பெருகட்டும் என்ற நல்லெண்ணத்தோடு காவிரியில் விடப்பட்டன. மஹ்சீர் என்றால் எல்லாம் மஹ்சீர்தானே! அவை பெருகின. திமில் மஹ்சீர் குன்றியது. 2018இல்தான் அதற்கு அறிவியல் பெயர் உறுதிப்பட்டது. அதே ஆண்டில் அழிவின் விளிம்பில் உள்ள இனமாகவும் பட்டியலில் ஏறியது. பெயரும் மரண அறிவிப்பும் ஒரே நேரத்தில்.

இது எப்படித் தெரியவந்தது என்பதுதான் முக்கியம். கலிபோரே முகாமில் தூண்டில்காரர்கள் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த நோட்டுப் புத்தகங்களிலிருந்து. எந்த வகை, எவ்வளவு எடை, எத்தனை மணிநேரத்தில் என்ற அந்தக் குறிப்புகளை ஆய்வாளர்கள் கணக்கிட்டு 2015இல் வெளியிட்டபோது ஒரு கோடு ஏறுவதும் இன்னொரு கோடு இறங்குவதும் புலப்பட்டது. குற்றத்தில் பங்குள்ள கையேதான் சாட்சியத்தையும் எழுதியிருக்கிறது. 2012இல் வனவிலங்குச் சட்டப்படி சரணாலயங்களுக்குள் தூண்டிலும் வேட்டையே என்று முகாம்களின் தூண்டில் நிறுத்தப்பட்டது. பிறகு நோட்டும் நின்றது. காவலுக்கு இருந்தவர்களின் சம்பளமும் நின்றது.

நாஞ்சில் நாட்டுக்கு வருவோம். இங்கே சங்கம் கிடையாது. பாசிக் குத்தகைதான் உண்டு. குளத்தை ஏலம் எடுக்கிறவர் வளர்ப்புக் குஞ்சு வாங்கி விடுகிறார், தண்ணி வற்றும்போது வலை போடுகிறார். கட்லா, ரோகு என்கிற கங்கைச் சமவெளிக் கெண்டைகள் இன்று நம் குளங்களில் ‘நாட்டுமீன்’ மாதிரி விற்கின்றன. அவற்றை யாரும் விரோதி என்று சொல்வதில்லை. ஏனென்றால் அவற்றுக்கு விலை உண்டு. திட்டு முழுவதும் சிலேப்பிக்குத்தான், அதாவது திலாப்பியாவுக்கு. ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பக்கத்து மீன். 1952இல் அரசாங்கமே ஏழைகளின் புரதம் என்று சொல்லி மண்டபத்துக்குக் கொண்டுவந்தது. அப்போது நாஞ்சில் நாடு திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது. 1956 நவம்பர் முதல் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. சிலேப்பிக்கு மாநில எல்லை கிடையாது. முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும்; உப்புத்தண்ணியிலும் பிழைக்கும்; சில மாதத்தில் சினைக்கு வரும். 1959லேயே அதைப் பரப்ப வேண்டாம் என்று நிபுணர் குழு சொல்லிவிட்டது. அதற்குள் காரியம் கைமீறிப் போயிருந்தது. அமராவதி அணை போன்ற நீர்த்தேக்கங்களில் வலையில் பெரும்பங்கு அதுவே விழ ஆரம்பித்தது.

அப்புறம் ஆப்பிரிக்கக் கெளுத்தி. 1990களின் தொடக்கத்தில் வங்கதேசம் வழியாகக் கள்ளத்தனமாக வந்தது; இறைச்சிக் கழிவைத் தின்று கொழுக்கும்; காற்றைச் சுவாசித்துச் சேற்றிலும் கிடக்கும்; வெள்ளத்தில் பண்ணையை விட்டு ஆற்றுக்குத் தாவும். 2000இல் மத்திய அரசு தடைசெய்தது. பண்ணைக் குட்டைகளில் கண்டுபிடித்து அழிப்பதாக அவ்வப்போது செய்தி வருகிறது. அழிக்கப்படுவது பெரும்பாலும் சின்ன ஆட்களின் குட்டை. கொண்டுவந்த வலைப்பின்னல் பற்றி அந்தச் செய்திகளில் ஒரு வரி வராது.

‘சிலேப்பியா, வேண்டாம்பா’ என்று முகம் சுளிக்கிற நடுத்தரவர்க்கம் கரிமீனுக்கு எந்த விலையும் கொடுக்கும். அதிகக் காசு இல்லாத வீட்டில் சிலேப்பிதான் குழம்பு. எதிரி மீனை ஒழிப்போம் என்ற சொல்லாடல் இந்தச் சட்டிக்குள்ளும் கைவிடுகிறது என்பதைச் சூழலியல் பேசும் நண்பர்கள் கணக்கில் எடுக்க வேண்டும். அதே சமயம் சிலேப்பி ஏழைகளின் மீன் என்று சொல்லி அதை நியாயப்படுத்தவும் முடியாது. பனையேறிக் கெண்டையும் குறவையும் ஆரலும் அயிரையும் ஏலமில்லாமல் வாய்க்காலிலும் வயலிலும் கிடைத்த ஏழைகளின் மீன்களே. அந்த இடத்தைத்தான் குத்தகை மீனும் விருந்தாளி மீனும், வயலில் தெளித்த பூச்சிமருந்தும் சேர்ந்து எடுத்துக்கொண்டன.

எவ்வளவு எடுத்துக்கொண்டன, எந்தக் குளத்தில் எந்த வருஷம் எது கடைசியாகக் கிடைத்தது என்று கேட்டால், கலிபோரேயில் இருந்த மாதிரி ஒரு நோட்டு இங்கே இல்லை. ஏலத் தொகையிலிருந்து மீனின் பெயரைப் படிக்க முடியாது. 2022இல் சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகள் ராம்சார் பட்டியலில் ஏறின. வந்துபோகும் பறவைகளுக்குக் கணக்கு எடுக்கிறார்கள், நல்ல காரியம். அந்தப் பறவைகள் தின்கிற மீனுக்கும், மடையில் கூடு வைத்தவர்களிடமும் தலைச்சுமையாக மீன் விற்ற பெண்களிடமும் கேட்டு, குளம் குளமாக ஒரு கணக்கு எழுத முடியும். அந்தத் தலைமுறைக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது.