அம்மாவுக்குப் பாடம் சொன்ன பிள்ளைகள்

மே மாசம் ரெண்டாவது ஞாயிற்றுக்கிழமை அன்னையர் தினம்னு ஊர் உலகமே கொண்டாடுது. நம்ம தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு மட்டும் இதுல ஒரு சிக்கல். மே மாசம் கோடை விடுமுறை, பள்ளிக்கூடமே பூட்டிக் கிடக்கும். அதனால தூத்துக்குடிப் பக்கம் இருக்கிற ஆர்.சி. ஆரம்பப் பள்ளிகள்ல இந்த விழாவை வைக்கணும்னா வேற ஒரு நாளாப் பார்த்துத்தான் வைக்கணும். அன்னைக்கு அம்மாக்களுக்கு வரிசையா நாற்காலி போடுவாங்க. பிள்ளைங்க பாட்டுப் பாடும், அட்டையில பூ வரைஞ்சு கொடுக்கும். கோலப் போட்டி, மியூசிக்கல் சேர் எல்லாம் நடக்கும். சிஸ்டர் நாலு நல்ல வார்த்தை பேசுவாங்க. கடைசியில லட்டு, மிக்சர்.

'இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, நமக்கு எதுக்கு'ன்னு சொல்றவங்க உண்டு. நாள் வேணா இறக்குமதியா இருக்கலாம். ஆனா இந்தக் கடற்கரையில பள்ளிக்கூடத்துக்கும் அம்மாவுக்கும் இருக்கிற கணக்கு 480 வருஷத்துக் கணக்கு. அதுல அம்மாக்களுக்கு வரவேண்டிய பாக்கி நிறைய இருக்குங்கிறதுதான் என் கட்சி.

முதல்ல அந்த இறக்குமதிச் சரக்கைப் பார்த்துடுவோம். அமெரிக்காவுல மேற்கு வர்ஜீனியா மாநிலத்துல கிராஃப்டன்னு ஒரு சின்ன ஊர். அங்கே ஆன் ரீவ்ஸ் ஜார்விஸ்னு ஒரு அம்மா. பெத்த பிள்ளைகள்ல பெரும்பாலானவங்களை நோய்க்குப் பறிகொடுத்தவங்க. 1858ல பெண்களைச் சேர்த்துக்கிட்டு சுகாதாரத்துக்காக 'தாய்மார் சங்கங்கள்' அமைச்சாங்க. உள்ளூர்க் கோயில்ல ஞாயிறு பள்ளியில பல வருஷம் பாடமும் நடத்தினாங்க. அவங்க இறந்தப்புறம் மகள் ஆனா ஜார்விஸ் 1908 மே 10 அன்னைக்கு அதே கோயில்ல ஒரு நினைவு வழிபாடு நடத்தினாங்க. வந்தவங்களுக்கெல்லாம் வெள்ளை கார்னேஷன் பூ. 1914ல ஜனாதிபதி உட்ரோ வில்சன் அதை அரசு விழாவா அறிவிச்சார். பூக்கடைக்காரங்களும் வாழ்த்து அட்டைக்காரங்களும் புகுந்து விளையாட ஆரம்பிச்சதும், ஆனா ஜார்விஸே அதை எதிர்த்துச் சாகுற வரைக்கும் சண்டை போட்டாங்க. ஆக, அந்த விழாவுக்கு மூலமே ஒரு டீச்சரம்மாதான். சரி, நம்ம கரைக்கு வருவோம்.

பணியாரம் விற்ற பெண்

முத்துக்குளித்துறைன்னு பேர் பெத்த இந்தக் கரையில பரதவ மக்கள் கத்தோலிக்க மதத்துக்கு வந்தது 1535-37 வாக்குல. முத்துச் சலாபத்து உரிமை யாருக்குங்கிற தகராறு, சிற்றரசர்களோட வரிக்கொடுமை, இதுக்கு நடுவுல போர்த்துக்கீசியர் பாதுகாப்பைத் தேடினது, இப்படி அரசியல் காரணங்கள் பல. ஆனா பழைய சேசு சபைக் குறிப்புகள் சண்டை மூண்டதுக்கு ஒரு சம்பவத்தைச் சொல்லும். தூத்துக்குடியில பணியாரம் விற்ற ஒரு பரதவப் பெண்ணை ஒருத்தன் அவமானப்படுத்திட்டான். தட்டிக் கேட்கப் போன புருஷனோட காதைக் கடுக்கனோட அறுத்துட்டாங்க. அதுல ரத்தக்களறி ஆகி, ஜான் தெக்குருஸ்ங்கிற குதிரை வியாபாரி சொன்ன யோசனைப்படி ஊர்ப் பெரியவங்க கொச்சிக்குப் போய் உதவி கேட்டாங்க.

இந்தக் கதையில குதிரை வியாபாரி பேர் இருக்கு. போர்த்துக்கீசிய அதிகாரிகள் பேர் இருக்கு. அறுபட்ட காது கூட இருக்கு. பணியாரம் வித்த பொம்பளையோட பேர் மட்டும் இல்லை.

மணியடித்துக் கூப்பிட்ட பள்ளி

1542 அக்டோபர்ல பிரான்சிஸ் சவேரியார் இங்கே வந்தார். தமிழ் ஒரு எழுத்து தெரியாது. ரெண்டு மொழியும் தெரிஞ்ச உள்ளூர்க்காரங்களை உட்கார வச்சு ஜெபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் பண்ணினார். அப்புறம் கையில மணியை எடுத்துக்கிட்டுத் தெருத்தெருவாப் போய் பையன்களையும் ஆண்களையும் கூட்டினார். தினமும் ரெண்டு வேளை வகுப்பு. 1544 ஜனவரியில கொச்சியிலிருந்து ரோமாபுரித் தோழர்களுக்கு எழுதின கடிதத்துல இதையெல்லாம் விவரமா எழுதியிருக்கார்.

அந்தக் கடிதத்துல எனக்குப் பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. இங்கே கத்துக்கிட்டதை வீட்டுக்குப் போய் அப்பா, அம்மா, வீட்டுல உள்ளவங்க, அக்கம்பக்கம் எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கணும்னு பையன்களுக்குக் கட்டளை. அதாவது இந்தக் கரையில முதல் வீட்டுப்பாடமே அம்மாவுக்குப் பாடம் நடத்துறதுதான்! நம்ம வீட்டுல எல்லாம் அம்மாதான் பிள்ளையைப் பக்கத்துல உட்கார வச்சு 'படிலே படிலே'ன்னு குட்டுவாங்க. இங்கே தலைகீழ் :-)

பிடிக்காத இடமும் இருக்கு. பெத்தவங்க பழைய சாமியைக் கும்பிட்டா பிள்ளைங்களே கண்டிக்குதுங்க, தன்கிட்ட வந்து சொல்லவும் செய்யுதுங்கன்னு சவேரியார் பெருமையா எழுதுறார். அந்தப் பையன்களோடயே போய் வீட்டுல இருக்கிற சிலைகளை உடைச்சதையும் எழுதுறார். வீட்டு மூலையில ஒரு விளக்கு வச்சுக் கும்பிட்ட ஒரு அம்மாவை நினைச்சுப் பாருங்க. பெத்த பிள்ளையே வேவுகாரன். 1544ல சக ஊழியர் மான்சிலாசுக்கு எழுதின ஒரு கடிதத்துல, சாராயம் குடிக்கிற பெண்களைப் பிடிக்கிற காவலருக்கு ஆளுக்கு ஒரு பணம், பிடிபட்ட பொம்பளைக்கு மூணு நாள் சிறைன்னு உத்தரவு. நம்ம ஊர்ப் பெண்கள் எழுத்துல பதிவானதே இப்படித்தான். பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டியவங்க, இல்லேன்னா தண்டிக்க வேண்டியவங்க.

சவேரியார் ஓரிடத்துல நிக்கிற ஆள் இல்லை. அவர் போனப்புறம் வகுப்பு நடத்த ஊருக்கு ஊர் ஆள் வச்சார். கடிதங்கள்ல 'கனகப்போலே'ன்னு வரும். வேற யாரும் இல்லை, நம்ம கணக்கப்பிள்ளைதான்! இன்னைக்கு உபதேசியார்னு சொல்றோமே, அவங்களோட முன்னோடிகள். அவங்களுக்குச் சம்பளம் எங்கேயிருந்து வந்துச்சு தெரியுமா? இந்தக் கரை மக்கள் கட்டுற கப்பத்துல வருஷம் 4,000 பொற்பணம் போர்த்துக்கல் ராணி கத்தரீனாவோட பாதரட்சைச் செலவுக்குன்னு போய்க்கிட்டு இருந்துச்சு. அதை இந்தப் பள்ளிக்கு விட்டுக் கொடுங்கன்னு சவேரியார் கேட்டு வாங்கினார்னு சேசு சபைச் சரித்திரங்கள் சொல்லுது. இந்தப் பிள்ளைகளைவிட நல்ல செருப்பு உங்களைச் சொர்க்கத்துக்குக் கொண்டுபோகாதுங்கிற தோரணையில எழுதினாராம்.

ராணியம்மா பெரிய மனசு பண்ணினாங்கன்னு நாம சொல்லிக்கிறோம். காசு யாரோடது? இங்கே மூச்சைப் பிடிச்சு முங்கினவன் காசு. அவன் திரும்பி மேல வருவானான்னு கரையில காத்துக்கிட்டு இருந்தவ காசு.

கயிறு பிடித்தவன்

முத்துக்குளிக்கிறப்போ மேல வள்ளத்துல நின்னு கயிறு பிடிக்கிறவன் மச்சினனாத்தான் இருப்பான்னு நம்ம பக்கம் சொல்வாங்க. கூடப்பிறந்த அண்ணன் தம்பியைக் கூட அந்த இடத்துல நம்ப மாட்டாங்களாம். அக்கா தாலி ஆச்சே, மச்சினன் கண்ணை எடுக்க மாட்டான். கடலுக்கு அடியில இருக்கிறவன் உயிரும் மேல நிக்கிறவன் கவனமும், கரையில இருக்கிற ஒரு பொம்பளையாலதான் கட்டப்பட்டிருக்கு. அவ வள்ளத்துல ஏறவே இல்லை.

அரசாங்கம் நடத்தின முத்துக்குளிப்பு தூத்துக்குடியில 1961ஓட நின்னு போச்சு. சங்கு குளிக்கிறவங்களும் மீன்பாட்டுக்குப் போறவங்களும் இன்னைக்கும் இருக்காங்க. ஆம்பளை கடல்ல இருக்கிற நேரம் வீட்டை நடத்துறது, மீனை வாங்கி விக்கிறது, கருவாடு போடுறது, சீட்டுப் பிடிக்கிறது, கடனை அடைக்கிறது எல்லாம் பெண்கள். பிள்ளையைக் குளிப்பாட்டி, தலைக்கு எண்ணெய் வச்சுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறதும் அவங்கதான்.

அவங்களுக்குப் பள்ளிக்கூடம் என்ன கொடுத்துச்சு? ஆண்டிரிக் அடிகளார் 1578ல கொல்லத்துல 'தம்பிரான் வணக்கம்' அச்சடிச்சார். பதினாறே பக்கம். இந்திய மொழி எழுத்துல இந்த மண்ணுல அச்சான முதல் புத்தகமே நம்ம தமிழ்தான்னு காலரைத் தூக்கிவிட்டுக்கிறோம். அதுக்கும் முன்னாடி, 1554லயே லிஸ்பனில ரோமன் எழுத்துல தமிழும் போர்த்துக்கீசியமுமா ஒரு ஜெபப் பாடப் புத்தகம் வந்தாச்சு. ரெண்டுமே பாடம் நடத்தத்தான். படிக்கத் தெரிஞ்ச ஆண்பிள்ளை வாசிக்க, அம்மா காதால கேட்டுக்கிட்டா. பெண்களுக்கான தூய மரியன்னை கல்லூரி தூத்துக்குடியில வந்தது 1948ல. சவேரியார் மணியடிச்ச வருஷத்துலேர்ந்து எண்ணிப் பாருங்க, 406 வருஷம்.

தங்கத்தேரும் தாயும்

இந்தக் கரையில அம்மாவைக் கொண்டாடலேன்னு யாரும் சொல்ல முடியாதே, பனிமய மாதா திருவிழா இருக்கேன்னு கேட்பீங்க. ஆமா, இருக்கு. கப்பல்ல வந்த மாதா சொரூபம், 1713ல கட்டி முடிச்ச கோயில், வருஷா வருஷம் ஆகஸ்ட் 5 திருவிழா. ஜாதித் தலைவர் தேர்மாறன் காலத்துல 1806ல முதல் தங்கத்தேர் ஓடுச்சு. 2013ல ஓடுச்சு, 2023லயும் ஓடுச்சு. 1982ல கோயில் பசிலிக்கா அந்தஸ்து வாங்குச்சு. மதம் பார்க்காம ஊரே திரளும்.

(சொரூபம் 1555ல மணிலாவிலிருந்து வந்ததா மரபு. ஸ்பெயின்காரங்க மணிலாவுல குடியேறினதே 1571லதான். அதனால ஊரோ வருஷமோ எங்கேயோ இடிக்குது. பக்தி வேற, பஞ்சாங்கம் வேற.)

1658ல டச்சுக்காரங்க தூத்துக்குடியைப் பிடிச்சு கத்தோலிக்கர்களை நெருக்கினப்போ, மாதாவை வெளியே கொண்டுபோய்ப் பத்திரமா வச்சிருந்து மறுபடி கொண்டுவந்த ஊர் இது. யாருக்கும் எதுவும் சும்மா கிடைக்கலை. ஆனா ஆராய்ச்சியாளர் சூசன் பெய்லி 1989ல எழுதின புத்தகத்துல காட்டுற மாதிரி, மாதா இங்கே ஒரு சாதியோட, ஒரு ஊரோட குலதெய்வ ஸ்தானத்துல இருந்தா. தேர் இழுக்கிறதுல தலைவரோட அந்தஸ்தும் சேர்ந்தே ஓடுச்சு. தேரைச் செய்தவர் பேர் நமக்குத் தெரியும். திருவிழா பத்து நாளும் வீட்டுக்கு வந்த சொந்தபந்தத்துக்கெல்லாம் பொங்கிப் போட்டவங்க பேர் எந்தக் கல்வெட்டுல இருக்கு?

பள்ளிக்கூட அடுப்படியில்

இப்போ சமீபத்துச் செய்தி ஒண்ணு. 2022 செப்டம்பர்ல மதுரையில தொடங்கின காலை உணவுத் திட்டத்தை, 2024 ஜூலை 15 அன்னைக்குக் கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிவாக்கினாங்க. நம்ம கடற்கரை ஊர்கள்ல இருக்கிற ஆர்.சி. பள்ளிகள்ல பலதும் இந்த வகைதான். சமைக்கிறது மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். அதே பள்ளிக்கூடத்துல தன் பிள்ளை படிக்கணும்னு ஒரு நிபந்தனையும் உண்டு. அதாவது சமைக்கிறவங்க அம்மாக்களேதான்.

அந்த விரிவாக்க விழா நடந்த இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில இருக்கிற புனித அன்னாள் தொடக்கப் பள்ளி. அன்னம்மாள் யாரு? மரியாளோட அம்மா. ஐரோப்பிய ஓவியங்கள்ல அவங்களை எப்படி வரைவாங்க தெரியுமா? மடியில புத்தகத்தை விரிச்சு வச்சு, சின்னப் பொண்ணு மரியாளுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி. பிள்ளை அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்த நம்ம கரைக் கதைக்கு நேர் எதிர்ப்படம். அம்மாவை டீச்சரா காட்டுற அந்தப் படம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பசியாத்துறது சின்ன விஷயம் இல்லை, அதுக்குக் கூலியும் வருது, சந்தோஷம். ஆனா பள்ளிக்கூடத்துக்குள்ள அம்மா வர்ற வழி அடுப்படி மட்டுமா இருக்கக் கூடாது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவுல முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் இருக்கணும். 2012 திருத்தத்துக்கு அப்புறம் சிறுபான்மைப் பள்ளிகள்லயும் உதவி பெறும் பள்ளிகள்லயும் அந்தக் குழு யோசனைதான் சொல்லலாம், முடிவெடுக்க முடியாது. சரி, யோசனையாவது கேட்கலாமே.

கோலப் போட்டி நடக்கட்டும், லட்டும் கொடுக்கட்டும். கூடவே நாலாங்கிளாஸ், அஞ்சாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு ஒரு வேலை கொடுத்துப் பாருங்க டீச்சர்மார்களே. அம்மாவோட முழுப்பேர், பிறந்த ஊர், எத்தனாப்பு வரை படிச்சாங்க, ஏன் நிறுத்தினாங்க, என்னென்ன வேலை தெரியும், ஆத்தா யாரு, ஆத்தாவோட ஆத்தா யாரு. பிள்ளை கேட்கணும், அம்மா சொல்லணும், பிள்ளை எழுதணும். அதைத் தச்சுப் பள்ளி நூலகத்துல வைங்க. இருபது வருஷம் விடாம செஞ்சா, இந்தக் கரையோட வரலாற்றுல இதுவரைக்கும் இல்லாத ஒரு பாதி கிடைச்சுடும். செலவு ஒரு நாற்பது பக்க நோட்டு.

பணியாரக்காரி பேரை இனிமே கண்டுபிடிக்க முடியாது. இப்போ இட்லி அவிச்சுக்கிட்டு இருக்கிறவங்க பேரையாவது எழுதி வைப்போம்.

உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல அம்மாக்களை எதுக்கெல்லாம் கூப்பிடுவாங்க? மார்க் குறைஞ்சா மட்டும்தானா? எழுதுங்க மக்கா, கேட்போம்.