மன்னார்க் கரையில் போரின் கணக்கு

போர் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் களத்தையே நோக்குகின்றனர். எந்த முகாம் வீழ்ந்தது, எந்தச் சந்தி கைமாறியது என்பதோடு அவர்களது ஏடு முடிந்துவிடுகிறது. வலைக்கும் வள்ளத்துக்கும் என்ன நேர்ந்தது என்று கேட்போர் சிலரே. 1983 முதல் 2009 வரை நீண்ட உள்நாட்டுப் போரை மன்னார்த் தீவின் கரையில் நின்று பார்ப்போமானால், அக்கேள்வியைத் தவிர்க்க இயலாது.

1914 முதல் தலைமன்னார் இந்தியாவுக்குச் செல்லும் வாயிலாக விளங்கியது. 1964ஆம் ஆண்டுப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னரும் இராமேசுவரத்துக்குக் கப்பல் ஓடிற்று. போர் மூண்டதும் அது நின்றது. 1990இல் புகைவண்டியும் நின்றது. 2015 வரை தலைமன்னார் நிலையம் வண்டி காணவில்லை. இடைக்காலத்தில் அக்கடற்பாதையில் மிஞ்சியவை அகதிகளை ஏற்றிய வள்ளங்களே.

மீனவருக்கு வந்த தடைகளோ பல. இரவில் தொழிலுக்குச் செல்லக்கூடாது. இயந்திரத்தின் குதிரைவலு மிகக்கூடாது. கரையிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதையும் படையினரே வகுத்தனர். இரவில் படும் மீனைப் பகலில் எங்கே தேடுவது? சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கியவனுக்குக் கடன் மட்டும் தடையின்றி வளர்ந்தது!

1990 அக்டோபரில் நிகழ்ந்ததை நாம் தனியே நிறுத்திப் பார்க்கவேண்டும். வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும், 70,000 பேருக்குக் குறையாதோரை, விடுதலைப் புலிகள் சில நாட்களுக்குள் வெளியேற்றினர். எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோர், வீட்டையும் கடையையும் தோணியையும் விட்டுக் கடல்வழியே கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் சென்றனர். சொந்தத் தொழில் செய்தவர்கள் அங்கே உப்பளத்திலும் வெங்காயத் தோட்டத்திலும் கூலிகளாயினர். கூலியாட்கள் பெருகவே கூலி குறைந்தது; அவ்வூர் ஏழைகளும் அதன் சுமையைச் சுமந்தனர். அரச படைகளின் கொடுமையை ஒன்றுவிடாமல் எண்ணிச் சொன்ன நம்மவர் நாவு, இவ்விடத்தில் மட்டும் நெடுங்காலம் தடுமாறியது ஏன்? தமிழ் பேசும் மக்களின் உரிமை என்று மேடையில் முழங்கியோர் பலரும் இதற்கு விடை கூறவில்லை.

2007இல் முள்ளிக்குளம் மக்கள் வெளியேற்றப்பட்டு, அவர்களின் ஊரில் கடற்படை முகாம் எழுந்தது. போர் முடிந்து பல ஆண்டுகளின் பின்னரே அவர்களுக்கு ஒரு பகுதி நிலம் திரும்பியது.

நம் மீனவர் கரையில் அடைபட்டிருந்த ஆண்டுகளில், தமிழகத்து இழுவைப் படகுகள் இப்பக்கத்து நீரில் தடையின்றித் தொழில் செய்து பழகிவிட்டன. 2009க்குப் பின் மன்னார் மீனவர் கடலுக்குத் திரும்பியபோது, அவர்களது வலைகள் அப்படகுகளால் அறுபட்டன. 2017இல் இலங்கை இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. படகுகள் பின்னரும் வந்தன. அவற்றில் கைதாகிச் சிறை செல்வோர் பெரும்பாலும் கூலிக்கு வந்தவர்கள். முதலாளி இராமேசுவரத்துக் கரையில் இருக்கிறார்.