கம்பைப் பிடிக்கும் முன் களத்தைப் பார்ப்போம்

சிலம்பமா, கராத்தேயா, எங்கே சேர்வது? கடலூரிலும் சிதம்பரத்திலும் மாணவத் தோழர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது. எந்த அடிமுறை சிறந்தது என்று சொல்ல நாங்கள் ஆசான்கள் அல்ல. ஆனால் யாரை வீரர் என்பது, யாரைக் களத்துக்குள் விடுவது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கும் புனித டேவிட் கோட்டையை ஆங்கிலேயர் 1690இல் வாங்கினார்கள். பின்னாளில் கம்பெனி வளர்த்த சென்னைப் படையில் பறையர்கள் கணிசமாக இருந்தார்கள், குறிப்பாகப் பாதை வெட்டிப் பாலம் போட்ட பிரிவுகளில். 1881 முதல் 1885 வரை அந்தப் படையின் தலைமைத் தளபதி ராபர்ட்ஸ். தென்னாட்டாருக்குப் போர்க்குணம் இல்லை என்பது அவர் தீர்ப்பு. 'போர்க்குடி' என்ற கொள்கை வலுக்க வலுக்க நம்மவர்களுக்குப் படையின் கதவு சுருங்கியது. 1890களில் மகர்களுக்கும் அதே கதி. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி ஆங்கிலேயரின் இந்தியப் படையில் சுபேதாராக இருந்தவர்.

வெள்ளையர் போய்விட்டார்கள், அந்தக் கொள்கை போகவில்லை. 'ஆண்ட பரம்பரையின் வீரக்கலை' என்று சுவரொட்டி ஒட்டும்போது பேசுவது ராபர்ட்ஸ்தான், தமிழில்! ஊர்வலத்தில் கம்பு சுழல்வது பறையின் அடிக்குத்தானே? 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அதை எந்தச் சாதியும் பட்டா போட்டுக்கொள்ள விடக்கூடாது.

கராத்தே ஒகினாவாவில் பிறந்தது. அதற்கு இங்கே சாதிக் கதை இல்லை, வெள்ளைச் சீருடையில் ஊர்த்தெரு, சேரி என்று தெரியாது. ஆனால் மாதக் கட்டணமும் பட்டைத் தேர்வுக் கட்டணமும் தெரியும்.

ஆகவே கலையைவிடக் களத்தைப் பாருங்கள். பயிற்சித் திடல் எந்தத் தெருவில் இருக்கிறது, சேரிப் பிள்ளைகள் அங்கே தயங்காமல் போக முடிகிறதா, ஆசான் சாதி கேட்கிறாரா, எல்லாருக்கும் ஒரே தண்ணீர்க் குடமா, பெண்கள் சண்டைப் பயிற்சி செய்கிறார்களா அல்லது விழாவுக்கு அணிவகுக்க மட்டுமா? ஒரு வாரம் போய் ஓரமாக நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

பயிற்சி எதற்கு என்பதில் மகாத் நினைவில் இருக்கட்டும். 1927 மார்ச்சில் சவதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்துவிட்டு வந்தவர்களைச் சாதி இந்துக்கள் தாக்கினார்கள். வந்திருந்தவர்களில் முன்னாள் படைவீரர்களும் இருந்தார்கள். திருப்பி அடிக்கத் தெரிந்த அவர்களை அம்பேத்கர் அடக்கி நிறுத்தினார், புகார் கொடுத்து வழக்கு நடத்தவைத்தார். அடிக்கத் தெரியாதவனை யாரும் அடக்க வேண்டியதில்லை.

சேரும் நாளிலேயே பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகளைப் படித்துவிடுங்கள். உயிரையும் உடைமையையும் காக்கத் தற்காப்பு உரிமை உண்டு. தேவைக்கு மேல் அடிப்பதையும், ஆபத்து நீங்கிய பின் துரத்தி அடிப்பதையும் அந்தப் பிரிவுகள் காப்பாற்றாது.