மர்ம நாவல்கள் கைமாறி வந்த கதை



நாவல் என்றதும் நம்மில் பலருக்குக் கல்கியும் டாக்டர் மு. வரதராசனாருமே நினைவுக்கு வருவர். இவர்களுக்கு முன்பே, ஒரு தலைமுறை முழுவதும் விளக்கு வெளிச்சத்தில் விழித்திருந்து படித்த நூல்கள் சில உண்டு. இலக்கிய வரலாற்று நூல்கள் அவற்றை ஓரிரு வரிகளில் கூறி நகர்ந்துவிடுகின்றன. அந்த மர்ம நாவல்கள் எங்கே பிறந்தன, எவ்வாறு தமிழுக்கு வந்தன என்பதையே இன்று காணப் போகிறோம்.

1764ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ஹொரேஸ் வால்போல் என்பவர் 'ஒட்ராண்டோ கோட்டை' என்னும் கதையை வெளியிட்டார். பழைய இத்தாலிய நூலொன்றின் மொழிபெயர்ப்பு என்று சொல்லித்தான் அதை முதலில் வெளியிட்டார். மக்கள் விரும்பிப் படிக்கக் கண்டதும், அடுத்த பதிப்பில் தாமே ஆசிரியர் என ஒப்புக்கொண்டு, அதனைக் 'கோத்திக் கதை' என்றும் குறித்தார். திருமண நாளில் மணமகன்மேல் மாபெரும் தலைக்கவசம் விழுந்து அவன் மாண்டுபோவதோடு அக்கதை தொடங்குகிறது. பாழடைந்த கோட்டை, சுரங்க வழி, மறைக்கப்பட்ட குடும்ப இரகசியம், அடைபட்ட பெண் ஆகிய இவையே கோத்திக் நாவலின் இலக்கணமாயின. 1794இல் ஆன் ராட்கிளிஃப் அம்மையார் எழுதிய 'உடால்ஃபோ மர்மங்கள்' இவ்வகைக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது.

புத்தகத்தின் விலை அக்காலத்தில் அதிகம். ஆகவே வாடகை நூலகங்களின் வழியாகவே இக்கதைகள் பரவின. ஒருவர் சொல்லி மற்றொருவர் படித்தார். இந்தப் பழக்கத்தை ஜேன் ஆஸ்டின் தமது 'நார்த்தேங்கர் ஆபி' நாவலில் நயமாகக் காட்டியுள்ளார். அதில் ஒரு தோழி இன்னொருத்திக்கு ஏழு திகில் நாவல்களின் பட்டியலைத் தருகிறாள். அந்தப் பெயர்கள் ஆசிரியையின் கற்பனை என்றே பிற்காலத்தார் பலர் நினைத்தனர். இருபதாம் நூற்றாண்டில் மைக்கேல் சாட்லியர் போன்ற நூல் ஆய்வாளர்கள், ஏழும் உண்மையிலேயே அச்சான நூல்கள் என்று காட்டினர். ஒரு காலத்தில் ஊரே படித்த நூல்கள் இருந்த சுவடே தெரியாமல் மறையக்கூடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இனித் தமிழுக்கு வருவோம். 1844இல் இலண்டனில் ரெய்னால்ட்ஸ் என்பவர் 'இலண்டன் மர்மங்கள்' என்ற தொடரை ஒரு பென்னி விலையில் வாரந்தோறும் வெளியிட்டார். இந்திய வாசகர்களிடையே அவருக்குப் பெரும் செல்வாக்கு ஏற்பட்டது. அவருடைய கதைகளைத் தழுவித் தமிழில் எழுதிக் குவித்தவர் ஆரணி குப்புசாமி முதலியார். 'ஆனந்தபோதினி' இதழின் ஆசிரியராகவும் விளங்கிய அவர், இங்கிலாந்துக் கதை மாந்தருக்குத் தமிழ்ப் பெயர் சூட்டித் தமிழ் மண்ணில் நடமாட விட்டார். துப்பறியும் கோவிந்தனைப் படைத்த ஜே.ஆர். ரங்கராஜு, திகம்பர சாமியாரைப் படைத்த வடுவூர் துரைசாமி ஐயங்கார், 1925இல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தி 115 நாவல்கள் எழுதிய வை.மு. கோதைநாயகி அம்மாள் ஆகியோர் அந்த வாசகர் கூட்டத்தை மேலும் பெருக்கினர். வடுவூராரின் 'மேனகா' 1935இல் திரைப்படமாயிற்று. அவருடைய 'கும்பகோணம் வக்கீல்' 1950இல் 'திகம்பர சாமியார்' என்ற பெயரில் வெள்ளித்திரைக்கு வந்தது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பியக் கோட்டை தமிழ்நாட்டில் இல்லை. அதற்கு ஈடாக நம் எழுத்தாளர்கள் கண்டது கூட்டுக் குடும்பத்து வீடு. 'மேனகா'வில் கணவன் வீட்டாரே சூழ்ச்சி செய்து மருமகளை அந்நியன் ஒருவனுக்கு விற்றுவிடுகின்றனர். புகுந்த வீடே அவளுக்குச் சிறையாகிறது. பேயைவிட மனிதனே அச்சம் தருபவன் என்பதை இக்கதைகள் சொல்லாமல் சொல்லின. வெறும் பொழுதுபோக்கு என்று கற்றோர் இகழ்ந்த நூல்களைப் பெண்கள் ஆர்வத்தோடு படித்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

மலாயாவிலும் தமிழர் வாசிப்பு ஏறக்குறைய இதே வழியில்தான் வளர்ந்தது. 1924இல் 'தமிழ் நேசன்' தோன்றியது. 1935இல் 'தமிழ் முரசு' வந்தது. தோட்டத்து லயங்களில் எழுத்தறிந்தவர் ஒருவர் உரக்கப் படிக்க, பால்மரம் சீவிக் களைத்தவர்கள் சூழ்ந்திருந்து கேட்ட செய்தியைச் சுங்கை சிப்புட் வட்டாரப் பெரியவர்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையில் வேதாளத்தைக் கண்டவர்களுக்கு மர்மக் கதை புதிதாகத் தோன்றியிருக்காது. படிக்கத் தெரியாதவருக்கும் அடுத்த அத்தியாயத்தில் என்ன நடக்கும் என்ற ஆவல் இருந்தது. அந்த ஆவலே பலரை எழுத்தின் பக்கம் இழுத்தது.

கோத்திக் கதைக்கு உரிய கட்டடமும் நம் பேராக்கிலேயே உள்ளது. பத்து காஜாவுக்கு அருகே கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் எழுப்பிய மாளிகை, 1926இல் அவர் லிஸ்பனில் இறந்ததனால் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. அதைக் கட்டுவதில் தமிழர் உழைப்பும் சேர்ந்திருந்தது. அங்கே பேய் உலவுவதாகச் சொல்லாத பிள்ளை இல்லை. ஆயினும் அதைக் கட்டிய கைகளின் கதையை எழுதுவதற்குத்தான் ஆள் வேண்டியிருக்கிறது.

ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. லயங்கள் இடிந்தன. மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தபோது தட்டுமுட்டுச் சாமான்களோடு எத்தனையோ பழைய புத்தகங்களும் கழிந்து போயின. நல்வாய்ப்பாக, வடுவூராரின் நூல்கள் இன்று மறுபதிப்பாகவும் மின்னூலாகவும் கிடைக்கின்றன. அவற்றில் வளவளப்பு உண்டு; இன்று ஏற்க முடியாத கருத்துகளும் உண்டு. ஆசிரியரும் பெற்றோரும் அவற்றைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லிப் படிக்கச் செய்யலாம்.

நேயர்களே, அச்சகம் நூலைப் பிறப்பிக்கிறது. அதை வாழ வைப்பது வாசகரே. 'இதைப் படித்துப் பார்' என்று ஒருவர் மற்றொருவர் கையில் கொடுக்கும்வரைதான் ஒரு நூலுக்கு ஆயுள். உங்கள் வீட்டுப் பரணில் அட்டை கிழிந்த பழைய நாவல் ஒன்று இருக்குமாயின், எடுத்துத் தூசு தட்டுங்கள். முதல் அத்தியாயத்தை வீட்டுப் பிள்ளைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். இரண்டாம் அத்தியாயத்தை அவர்களே கேட்பார்கள்.