வெற்றுறையை விற்ற கதை

பொம்மை என்றால் ஆண்பிள்ளைகள் தீண்டமாட்டார்கள் என்று அஞ்சிய அமெரிக்காவின் ஹஸ்ப்ரோ நிறுவனம், 1964ஆம் ஆண்டு தனது ஜி.ஐ. ஜோ படைவீரனை 'அக்‌ஷன் ஃபிகர்' என்றழைத்தது. அவனது உயரம் ஏறத்தாழ 12 அங்குலம்.

1977 மே மாதம் 'ஸ்டார் வோர்ஸ்' திரைப்படம் வெளியானபோது, கென்னர் நிறுவனத்திடம் அதன் பொம்மைகள் ஆயத்தமாக இருக்கவில்லை. நத்தாருக்கு அது விற்றது பொம்மையற்ற அட்டை உறையையே. உள்ளிருந்த சான்றிதழை அஞ்சலில் அனுப்பியோருக்கு 1978இல் நான்கு உருவங்கள் வந்து சேர்ந்தன. மனித உருவங்களின் உயரம் 3¾ அங்குலம்; கழுத்து, தோள்கள், இடுப்பு என ஐந்தே மூட்டுகள். அளவு சிறிதானதால் அவை ஏறக்கூடிய விண்கலங்களையும் செய்ய முடிந்தது.

2013இல் ஹஸ்ப்ரோ தொடங்கிய 6 அங்குல 'பிளாக் சீரிஸ்' உருவங்களில் முழங்கையும் முழங்காலும் மடிகின்றன. சேகரிப்பாளன் என்ற வகையில் அந்த நேர்த்தியை நான் மறுக்கவில்லை. ஆயினும் அவை பெரும்பாலும் அலுமாரியில் நிற்கின்றன. பழையவையோ சிறுவர் கைகளில் தேய்ந்தவை. ஆனால், எவரும் விளையாடாத, உறை பிரிக்கப்படாத பழைய உருவத்துக்கே சந்தையில் உயர்ந்த விலை. இந்த முரண் எனக்கு உவப்பானதன்று.

2019இல் ஹஸ்ப்ரோ அந்த ஐந்து மூட்டு உருவங்களைப் பழைய பாணியிலேயே மீண்டும் வெளியிட்டது. அவற்றில் ஒன்றை வாங்கி, உறையைக் கிழித்துப் பேரனிடம் கொடுத்துவிட்டேன்.