தேசிங்குராஜன்: வீரமா, வீம்பா?

செஞ்சிக்கோட்டைன்னு சொன்னா நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு உடனே ஞாபகம் வர்ற பெயர் தேசிங்குராஜன்தான். இதுல ஒரு வேடிக்கை இருக்கு. கோட்டையைப் பெருசாக்கிக் கட்டினவங்க நாயக்கர்கள். 1677-ல் அதைப் பிடிச்சு மதில்களைப் பலப்படுத்தினவர் சிவாஜி. 1690-லிருந்து 1698 வரைக்கும் அவுரங்கசீப்போட படைகள் முற்றுகை போட்டும் தாக்குப்பிடிச்சது ராஜாராமோட காலத்துல. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராத்தியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருக்கிற ஒரே கோட்டை செஞ்சி. ஆனா ஊர்ல போய்க் கேட்டா "தேசிங்குராஜா கோட்டை"ன்னுதான் வழி சொல்வாங்க. அவரு ஆண்டது ஒரு வருஷம்கூட இல்லை! சண்டையிலயும் தோத்துப் போனாரு.

அப்போ எதுக்கு இந்தப் புகழ்? அதைவிட முக்கியமா, அவரோட திமிரும் பிடிவாதமும் அந்தப் புகழைக் குறைக்குதா இல்லையா? இதுதான் இன்னிக்கு விஷயம்.

முதல்ல கதையைச் சுருக்கமாப் பார்த்துடுவோம். தேசிங்கோட உண்மையான பெயர் தேஜ்சிங். அப்பா சொரூப்சிங், புந்தேல்கண்டு ராஜபுத்திரர். மொகலாயர்கள் செஞ்சியைப் பிடிச்ச கொஞ்ச நாள்ல கோட்டையும் சுற்றியிருந்த ஜாகீரும் அவர் பொறுப்புக்கு வந்துச்சு. அவர் இறந்ததும் 1714-ல் மகன் கோட்டையை எடுத்துக்கிட்டாரு. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் ரெண்டு கேள்வி கேட்டாரு. ஒண்ணு, டெல்லியில் இப்ப பாதுஷா ஃபரூக்சியர். அவர்கிட்டேர்ந்து புது ஃபர்மான் எங்கே? ரெண்டு, உங்கப்பா வைச்சிட்டுப் போன பாக்கி எங்கே? ஆற்காட்டுக் கணக்குப்படி அந்தப் பாக்கி 70 லட்சம் ரூபாய். தேசிங்கு சொன்ன பதில், "எங்கப்பாவுக்கு அவுரங்கசீப் கொடுத்த ஃபர்மான் இருக்கு, அது போதும்" என்கிற பாணியில்தான். சட்டப்படி பார்த்தா நவாப் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கத்தான் செய்யுது.

நவாப் பெரும்படையோட வந்தாரு. தேசிங்குகிட்ட இருந்தது சில நூறு பேர். மலைக்கோட்டைக்குள்ள உட்கார்ந்திருந்தா மாசக்கணக்குல இழுத்தடிச்சிருக்கலாம். பதினாறு வருஷத்துக்கு முன்னாடி அதே கோட்டை எட்டு வருஷ முற்றுகையைப் பார்த்திருக்கே! ஆனா தேசிங்கு வெளியே இறங்கி, தேவனூர், கடலி பக்கம் வெட்டவெளியில் மோதினாரு. 1714 அக்டோபர் 3. எதிரிப் படைத்தலைவர்களில் ஒருத்தரான தௌலத்கானை வீழ்த்தினாரு. கடைசியில் துப்பாக்கிக் குண்டு பட்டுச் செத்தாரு. வயசு 22.

சிங்கவரம் ரங்கநாதர் பற்றி ஒரு கதை உண்டு. போருக்குப் போறதுக்கு முன்னாடி தேசிங்கு உத்தரவு கேட்டப்ப, வேண்டாம்னு சாமி முகத்தைத் திருப்பிக்கிச்சாம். அப்பவும் கேட்காமப் போனாராம். குன்றைக் குடைஞ்ச அந்தக் கோவிலில் சயனத்தில் இருக்கிற பெருமாளோட முகம் ஒருபக்கமாத் திரும்பியிருக்கிறதைக் காட்டி இன்னிக்கும் சொல்றாங்க. கதைதான், ஆனா யோசிச்சுப் பாருங்க: அவரைக் கொண்டாடுற ஜனங்களே "சாமி சொல்லியும் கேட்காத ஆளு"ன்னு சேர்த்தே சொல்றாங்க. வீம்பை மறைக்கலை.

இங்கே கொஞ்சம் அமெரிக்கா வரைக்கும் போயிட்டு வருவோம். பேஸ்பால் ஆட்டக்காரர் பாரி பாண்ட்ஸ். வாழ்நாளில் 762 ஹோம் ரன், 2001-ல் ஒரே பருவத்தில் 73, ரெண்டுமே சாதனை. ஆனா பத்திரிகைக்காரங்களை மதிக்காதவர்னு பேரு. கூடவே ஊக்கமருந்து விவகாரம். தெரிஞ்சே எடுத்துக்கலைன்னு 2003-ல் சாட்சி சொன்னாரு. புகழ்மண்டபத்துல சேர்க்க 75 சதவீத ஓட்டு வேணும். பத்திரிகைக்காரங்க ஓட்டெடுப்பில் பத்து வருஷமும் கிடைக்கலை. 2022-ல் நடந்த கடைசி ஓட்டெடுப்பில் 66 சதவீதத்தோட நின்னுபோச்சு.

பாண்ட்ஸைப் பத்திப் பேசுறவங்க ரெண்டு குற்றத்தையும் ஒரே மூட்டையில் கட்டுறாங்க. எனக்கு அது சரியாப் படலை. மருந்து எண்ணிக்கையைத் தொடுது. 762-ல் எத்தனை அவரோடது, எத்தனை மருந்தோடதுன்னு கேட்கிறது நியாயம். திமிர் எண்ணிக்கையைத் தொடாது. சிடுசிடுன்னு இருந்தா பந்து கூடுதல் தூரம் போகாது.

சரி, தேசிங்குக்கு வருவோம். ராஜபுத்திர வீரர்கள் சண்டை நாளில் அபினை இரட்டிப்பாக்கிச் சாப்பிடுவாங்கன்னு 17-ஆம் நூற்றாண்டில் வந்த பிரெஞ்சுக்காரர் பெர்னியர் எழுதியிருக்காரு. அதை யாரும் மோசடின்னு சொல்றதில்லை. தேசிங்கு விஷயத்துல உண்மையான ஊக்கமருந்து வேற. அது அவர் செத்த பிறகு ஏத்தினது. ஏத்தினது நம்ம கதைப்பாட்டு! சின்னப் பையனா டெல்லிக்குப் போய் யாராலும் அடக்க முடியாத பாராசாரிக் குதிரையை அடக்கி அப்பாவை மீட்டதெல்லாம் பாட்டு கொடுத்தது. பிறகு 1960-ல் வந்த 'ராஜா தேசிங்கு' படத்துல எம்.ஜி.ஆர். இரட்டை வேடம் வேற. கேட்கணுமா :-)

ஜனங்க ஏன் ஏத்தினாங்க? வரி வசூலிக்க வர்றவனைப் பார்த்து "தர முடியாது போ"ன்னு சொன்ன ஒருத்தன் அவங்களுக்குத் தேவைப்பட்டான். நாயக்கர், பீஜப்பூர், மராத்தியர், மொகலாயர், நவாப்னு யார் வந்தாலும் கப்பம் கட்டினது அந்தச் சீமைக் குடியானவன்தானே. தமிழ்கூடத் தாய்மொழி இல்லாத ஒரு 22 வயசுப் பையனை அவங்க தங்கள் ஆளா ஆக்கிக்கிட்டது அதனாலதான். அந்த வகையில் தேசிங்கோட திமிர் அவர் சாதனை மேல விழுந்த கறை இல்லை. திமிர்தான் சாதனையே. அதை எடுத்துட்டா, பாக்கி கட்டாத ஒரு கில்லேதார்தான் மிச்சம்.

ஆனா இதோட முடிச்சுக்கிட்டா நாமளும் பாட்டு பாடுறவங்கதான். அந்த ஒரு நாள் வீம்புக்கு விலை கொடுத்தது அவர் மட்டும் இல்லை. உயிர் நண்பன், பாட்டுல மோவுத்துக்காரன்னு வர்றவன், கல்யாண மேடையிலிருந்து நீலவேணிக் குதிரை ஏறி வந்து களத்துல செத்தான். கூடப்போன சில நூறு பேருக்குப் பாட்டுல பெயர்கூட இல்லை. தேசிங்கோட சின்னவயசு மனைவி செட்டிகுளக்கரையில் உடன்கட்டை ஏறினா. அவ நினைவா நவாப் உண்டாக்கின ஊர்தான் ராணிப்பேட்டைன்னு சொல்வாங்க. ஊருக்குப் பெயர் வைச்சதை நவாபோட பெருந்தன்மைன்னு மெச்சுறோம். அந்தப் பொண்ணு என்ன நினைச்சாள்னு பாட்டும் கேட்கலை, படமும் கேட்கலை.

அதனால என் கட்சி இதுதான். தேசிங்கு அடங்காதவர்ங்கிறதை வைச்சு அவரைச் சின்னவராக்க வேண்டாம். பாட்டு ஏத்தின மருந்தைக் கழிச்சாலும் அந்தத் துணிச்சல் மிஞ்சும், சந்தேகமே இல்லை. கணக்குல எழுத வேண்டியது வேற ஒண்ணு: கோட்டைக்குள்ள இருந்து காப்பாத்தியிருக்கக்கூடிய உயிர்களை வெட்டவெளிக்குக் கூட்டிட்டுப் போனது. அது குணக்குறை இல்லை, தலைவனா எடுத்த முடிவு. அடுத்த தடவை ராஜகிரி உச்சியில் மூச்சுவாங்க நின்னு தேசிங்கோட வீரத்தைப் பிள்ளைங்களுக்குச் சொல்லும்போது, கீழே செட்டிகுளத்தையும் கைகாட்டிச் சொல்லுங்க.