கோழியிடமே கேட்டனர்



முட்டைக்கோழிக் கூண்டுகளின் வரலாற்றை அண்மையில் வாசித்தேன். அதில் வரும் சிறு சோதனை ஒன்று என் மனத்தை விட்டு அகலவில்லை. அதனை உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் கோழிகளைக் கம்பிக் கூண்டுகளில் அடைத்து, அடுக்கடுக்காக வளர்க்கும் முறை பரவியது. எச்சம் கீழே விழுந்துவிடும்; முட்டை தானே உருண்டு முன்னே வரும்; செலவும் குறைவு. ஆனால், கோழிக்குச் சிறகு விரிக்க இடமில்லை. 1964இல் ரூத் ஹாரிசன் என்னும் பெண்மணி, ‘விலங்கு இயந்திரங்கள்’ எனப் பொருள்படும் ஆங்கில நூலில் இந்நிலையை வெளிப்படுத்தினார். மக்கள் கொதித்தெழுந்தனர். பேராசிரியர் பிராம்பெல் தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. எழவும், படுக்கவும், திரும்பவும், உடலைக் கோதவும், கால் சிறகுகளை நீட்டவும் இடம் வேண்டும் என 1965இல் அதன் அறிக்கை வலியுறுத்தியது.

அக்குழு இன்னொன்றும் கூறியது. மெல்லிய அறுகோணக் கம்பிவலை பாதத்தை உறுத்தும். ஆதலால், தடித்த கம்பித்தளமே வேண்டும் என்றது. கேட்பதற்குச் சரியாகத்தானே இருக்கிறது? 1973இல் ஹியூஸ், பிளாக் எனும் ஆய்வாளர்கள் தளத்தைத் தெரிவுசெய்யும் பொறுப்பைக் கோழிகளிடமே விட்டனர். கோழிகள் விரும்பி நின்றது அந்த மெல்லிய வலையின் மீதுதான்!

இத்தகைய ஆய்வுகள் பின்னர் பெருகின. முட்டையிட மறைவிடம், இரவில் ஏறி அமரக் கம்பு, கிளறவும் புழுதிக் குளியலுக்கும் ஏற்ற தளம் ஆகியவற்றைக் கோழி நாடுவது தெளிவாயிற்று. 1999இல் ஐரோப்பிய ஒன்றியம் இவற்றைச் சட்டமாக்கியது. பழைய கூண்டில் ஒரு கோழிக்கு 550 சதுரச் சென்டிமீட்டர். ஓர் ‘ஏ4’ தாளைவிடக் குறைவு. வசதிகள் சேர்த்த புதிய கூண்டில் 750. வெறுங்கூண்டுகள் 2012 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டன.

முட்டை குறைந்துவிட்டதா? இல்லை. செப்பமாக அமைந்த புதிய கூண்டுகளில் முட்டையின் எண்ணிக்கை ஏறத்தாழப் பழைய அளவிலேயே இருந்தது. கம்பில் ஏறி இறங்கியதால் எலும்புகளும் வலுப்பெற்றன. தொடக்கத்தில் விரிசலும் அழுக்கும் கண்ட முட்டைகள் மிகுந்தன. அமைப்பைத் திருத்தியபோது அக்குறையும் தணிந்தது. எனினும், கூண்டு கூண்டுதான். அங்கே ஓடவோ பறக்கவோ இயலாது. கூண்டு முறையையே படிப்படியாக ஒழிக்கச் சட்டமுன்மொழிவு கொண்டுவருவதாக 2021இல் ஐரோப்பிய ஆணையம் அறிவித்ததும் அதனால்தான்.

பிராம்பெல் குழுவினர் கல்விமான்கள், நல்லெண்ணம் மிக்கவர்கள். ஆயினும், கோழியின் பாதத்தைப் பற்றிய அவர்களின் கணிப்பு தவறியது. நாமும் பிள்ளைகளின் நலம் கருதியே இருக்கை, கால அட்டவணை, பிரத்தியேக வகுப்பு என அனைத்தையும் முடிவு செய்கின்றோம். அவர்களிடம் ஒருமுறையேனும் கேட்டோமா?

கோழிக்குப் பேச்சில்லை, கால்களால் விடை சொன்னது. நம் பிள்ளைகளுக்குப் பேச்சு உண்டு. கேட்கத்தான் நமக்குப் பொறுமை வேண்டும். சிந்திப்போம்.